அக்காவின் ஏழுக் கணக்கு

வருஷா வருஷம் ஆனி பிறந்தால் போதும், உங்களில் யாராவது ஒருத்தி ஆரம்பித்துவிடுவீர்கள். "சாரல் விழுந்துட்டாம்லா, எப்போ கிளம்புதோம்?" காலேஜ் விட்டு நாற்பது வருஷம் ஆனாலும் நம் கூட்டத்துக்கு இந்த ஆசை மட்டும் விடவில்லை. வேன் பிடிப்பீர்கள், புளியோதரை கட்டுவீர்கள், பேத்தி எடுத்ததெல்லாம் மறந்து எண்ணெய் வழிய அருவிக்கு ஓடுவீர்கள். நான் மட்டும் கரையில் உட்கார்ந்து உங்கள் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல். "தென்காசிப் பக்கம் பொறந்துட்டு அருவியில தலைய நனைக்கமாட்டேங்கா பாரு, அதிசயம்!" என்று கேலி வேறு. சளி, முட்டி வலி, பிரஷர் என்று வருஷத்துக்கு ஒரு சாக்கு சொல்லிக்கொண்டே வந்தேன். இந்த வருஷம் சாக்கு தீர்ந்துபோயிற்று. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு ஆறுதல் சொல்ல யாரும் வராதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

எங்கள் வீடு குத்துக்கல்வலசையில் இருந்தது. இப்போது அங்கே ஒட்டிக்கொண்டு ஒட்டிக்கொண்டு மாடி வீடுகள். அன்றைக்குப் பின்வாசலைத் திறந்தால் வயல்தான். அப்பாவுக்குப் பழ வியாபாரம். மற்ற மாதங்களில் என்னென்னவோ விற்பார், சீசன் வந்தால் குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து மங்குஸ்தான் கடை போடுவார். பள்ளிக்கூடம் விட்டதும் அக்காவும் நானும் டவுன் பஸ் ஏறிக் கடைக்குப் போய்விடுவோம். அக்கா அப்போது பத்தாம் வகுப்பு. நான் ஆறாம் வகுப்பு.

சாரல் காலத்தில் அங்கே எதுவும் காயாது, உங்களுக்குத் தெரியும். கடைக்குள் எந்நேரமும் ஈரச் சாக்கு வாசனை. ரோட்டில் போகிற சனங்கள்மேல் நல்லெண்ணெய் வாசனை. எதிர்க்கடையில் மிளகாய் பஜ்ஜி பொரிகிற சத்தமும், அதற்குப் பின்னால் ஓயாமல் அருவிச் சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும். மங்குஸ்தான் தோல் பட்ட விரல் ஊதா ஊதாவாய் ஆகிவிடும். அக்காவின் வெள்ளைத் தாவணியில் அந்தக் கறை ஏறிவிட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. "கடைக்குப் போறியா, பழத்துல பொரண்டுட்டு வாறியா?" என்று அம்மா தினமும் ஒரு பாட்டு படிப்பாள். மங்குஸ்தானுக்கு அடியில் குட்டிப் பூ மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. வெளியூர்க்காரர்களுக்கு முன்னால் பழத்தை உடைக்காமலே சுளையைச் சொல்லி, பிறகு உடைத்துக் காட்டி அப்பா அசத்துவார். அப்பாவுக்கு எண்ணிக்கை என்றால் அந்த அளவு பிடிக்கும், அதற்குமேல் வேண்டாம்.

பழத்தை அடுக்குவது அக்கா வேலை. சின்ன ஓலைத் தட்டில் நடுவே ஒன்று, சுற்றி ஆறு. எப்படித்தான் அமையுமோ, சுற்றி ஆறு வைத்தால் இடுக்கில்லாமல் கச்சிதமாக உட்காரும். ஐந்து வைத்தால் சந்து விழும், ஏழாவதைச் சுற்றில் திணித்தால் ஒன்று பிதுங்கி ரோட்டுக்கு ஓடும். அதே மாதிரி பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் ஏழு தட்டு, நடுவே ஒன்று, சுற்றி ஆறு. அந்தத் தாம்பாளங்கள் இப்போது எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. அப்பா காலமான பிறகு வெண்கலப் பானைக்கும் குத்துவிளக்குக்கும் அடித்துக்கொண்டோம், தாம்பாளத்தை ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒரு நாள் மழை வலுத்து வியாபாரம் இல்லை. அக்கா சும்மா இருந்தாள். அக்கா சும்மா இருந்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். சாக்பீஸால் கடைப் பலகையில் 235 என்று எழுதினாள்.

"எத்தன பழம் இருக்குன்னு சொல்லு பாப்போம்."

"இருநூத்தி முப்பத்தஞ்சு."

"மக்கு. ரெண்டு தாம்பாளம், மூணு தட்டு, தனியா அஞ்சு பழம். எண்ணிப் பாரு."

எண்ணிப் பார்த்தேன். நூற்று இருபத்து நான்கு பழம்தான் இருந்தது. எனக்குப் பிடிபட அதிக நேரம் ஆகவில்லை. ஏழு பழம் சேர்ந்தால் அது ஒரு தட்டு. தனிப் பழம் ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே ஏழு என்பதை அவள் ஒன்று, சைபர் என்று எழுதுவாள். எட்டு என்றால் ஒரு தட்டு, ஒரு பழம், அதாவது ஒன்று-ஒன்று. ஏழு தட்டு சேர்ந்தால் ஒரு தாம்பாளம். நமக்கெல்லாம் பத்தில் நடக்கிற காரியம் அவளுக்கு ஏழில் நடந்தது, அவ்வளவுதான்.

"ஏழு, எட்டு, ஒம்பது மூணு பேருக்கும் இங்கன வேலையே இல்லட்டி. லீவு குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. குளிக்கும்போதும் கணக்கு, பஸ்ஸிலும் கணக்கு. ஏழில் வாய்ப்பாடு போட்டாள். ஐயைந்து முப்பத்து நான்கு, ஆறாறு ஐம்பத்தொன்று. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும்; ஆனால் ஐந்து தட்டும் ஒரு பழமும் எண்ணிப் பாருங்கள், முப்பத்தாறு சரியாக இருக்கும். நம் கணக்கில் ஒன்பதுக்கு ஒரு பெருமை உண்டல்லவா, இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது வந்தால் ஒன்பதால் வகுபடும் என்று? அந்தப் பெருமை அங்கே ஆறுக்கு இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு, ஓடும் பஸ்ஸில் என் தொடையில் ஓங்கி அடித்தாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

எனக்கு இன்றைக்கும் மறக்காதது ஒன்று உண்டு. ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்க்க நாம் கடைசி இலக்கத்தைத்தானே பார்ப்போம். 235 என்று ஏழில் எழுதினால் கடைசியில் ஐந்து நிற்கிறது, ஆனால் பழம் நூற்று இருபத்து நான்கு, இரட்டைப்படை. அக்கா இதைப் பல நாள் யோசித்தாள். பிறகு ஒரு சாயங்காலம், பழத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பத்துல கடைசி ஆள் மூஞ்சியப் பாத்தாப் போதும்ட்டி, எல்லாம் தெரிஞ்சிரும். ஏழுல கடைசி ஆளுக்கு ஒரு எழவும் தெரியாது. ரெண்டு, மூணு, அஞ்சு, எல்லாரையும் கூட்டி வச்சுக் கேக்கணும். பத்து வருதுலா, அப்போ ரெட்டை. ஒருத்தரையும் விடாமக் கேட்டாத்தான் பதில் வரும்."

அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் பிறகு பார்க்கவில்லை. அவள் கல்யாணத்திலும் பார்க்கவில்லை.

மாதத் தேர்வு வந்தது. கணக்குப் பரீட்சையில் அக்கா முழுக்க முழுக்க ஏழில் போட்டுவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. ஏழில் போட்டால் அவளுக்குக் கை ஓடியது. போட்டு முடித்துவிட்டுக் கடைசியில் எல்லா விடையையும் பத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறாள். மாற்றுவதற்குள் மணி அடித்துவிட்டது.

கணக்கு டீச்சர் கெட்டவர் இல்லை. முதல் மாணவியின் தாளில் ஒரு விடைகூடச் சரியில்லை என்றதும் பயந்துபோயிருக்கிறார். வகுப்பில் எழுப்பி நிறுத்தி, "நாலும் நாலும் எத்தனை?" என்று கேட்டிருக்கிறார். அக்கா நிதானமாக, "பத்துல போட்டா எட்டு, ஏழுல போட்டா ஒண்ணு-ஒண்ணு டீச்சர்" என்றிருக்கிறாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் விளக்கம் சொல்லப் பலகையிடம் போகப் போக, "உக்காரும்மா, உக்காரு, நான் அப்பாகிட்டப் பேசிக்கிடுதேன்" என்று டீச்சர் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்.

அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு எல்லாம் வீடு உண்டு, வீட்டில் எல்லாருக்கும் வாய் உண்டு. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அம்மாவிடமே ஒருத்தி கேட்டுவிட்டாள், "மைனி, மூத்தவளுக்குப் புத்தி கலங்கிக் கோட்டி புடிச்சிட்டாமே, நெசமா?"

உடனே வந்து இறங்கினாள் அத்தை. அப்பாவுக்கு மூத்த அக்கா, வடகரையில் நெல்லும் தென்னையுமாக வாழ்க்கைப்பட்டவள். அவள் மகனுக்குத்தான் அக்கா என்று இருவரும் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே பேச்சு. ஆகவே அத்தைக்குப் பதறத்தான் செய்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். நடுவீட்டில் உட்கார்ந்து அக்காவைப் பக்கத்தில் இழுத்துவைத்து, தலையைத் தடவி, அன்பாகத்தான் கேட்டாள்.

"தாயி, நாலும் நாலும் எத்தன? அத்தைகிட்டச் சொல்லு."

"பத்துலன்னா எட்டு. ஏழுலன்னா ஒண்ணு-ஒண்ணு அத்தை."

அத்தை கையை எடுத்துவிட்டாள். "எய்யா, ஒரு கேள்விக்கு ரெண்டு பதில் சொல்லுதாளே!" என்று அப்பாவைப் பார்த்து அழுதாள்.

இதுதான் கொடுமை. அவள் எட்டு என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல் இருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் எட்டும் சொன்னாள், கூடவே இன்னொன்றையும் சொன்னாள். அந்த இன்னொன்றை விட்டுவிடச் சொன்னால், "அது பாதிப் பதில்லா?" என்று அப்பாவியாகக் கேட்டாள்.

குற்றாலத்து அருவிக்குப் புத்தி தெளிவிக்கிற குணம் உண்டு என்று நம் பக்கத்தில் நம்புவார்கள். புத்தி தப்பியவர்களை எங்கெங்கிருந்தோ கூட்டிக்கொண்டு வருவார்கள், சங்கிலி போட்டுக்கூட. கூட்டம் சேருவதற்கு முன்னால் விடியற்காலை தலை நிறைய எண்ணெய் வைத்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு அடியில் நிறுத்துவார்கள். பெண்கள் பக்கத்தில் இதற்கென்றே ஒரு அம்மாள் இருந்தாள். அருவியம்மா என்போம். மலைமாதிரி உடம்பு, பேச்சு மட்டும் மெதுவாக இருக்கும். நிறுத்தி முடித்து வெளியே கொண்டுவந்ததும் அவள் ஒரு கேள்வி கேட்பாள். பேர் மறந்தவளிடம் பேர் கேட்பாள், புருஷனைத் தெரியாதவளிடம் புருஷனைக் காட்டி இவர் யார் என்பாள். எதில் புத்தி தப்பியதோ அதில்தான் கேட்க வேண்டும் என்பது வழக்கம். சரியான பதில் வந்தால் தெளிந்தது என்று அர்த்தம். ஒரு மண்டலத்துக்குள் வந்துவிடும் என்பார்கள்.

அக்காவையும் ஒரு மண்டலம் அங்கே நிறுத்த வேண்டும் என்று அத்தை சொன்னதுமே அக்காவின் உதடு அசைந்தது. என் காதில் ரகசியம் சொன்னாள். "மண்டலம்னா நாப்பத்தெட்டு நாளு. ஏழுல ஆறு-ஆறுட்டி! தட்டும் ரொம்பி, தனிப் பழமும் ரொம்பி நிக்கி. இன்னும் ஒண்ணே ஒண்ணு வச்சா எல்லாம் காலியாகி ஒரு தாம்பாளம் ஆயிரும்." தன்னை எதற்காகக் கூட்டிப்போகிறார்கள் என்பதுகூட அவளுக்கு அந்த நேரம் உறைக்கவில்லை, அந்த எண் அவ்வளவு பிடித்துவிட்டது. "ஆறு ஆறுன்னு பொலம்புதா பாரு" என்று அத்தை மாரில் அடித்துக்கொண்டாள்.

முதல் நாள் என்னையும் கூட்டிப்போனார்கள். அந்த வருஷம் தண்ணீர் அதிகம். உங்களுக்கு அருவி என்றால் உல்லாசம்; பிடித்து நிறுத்திப் பாருங்கள், அப்போது தெரியும். அவளாக விலக முடியாது, மூச்சு வாங்கத் தலையைத் திருப்ப முடியாது. கல் விழுகிற மாதிரி விழும். அக்கா உள்ளேயிருந்து என்னவோ கத்தினாள், சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. வெளியே வந்தபோது உதடு கறுத்து, பல் கிட்டி, கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகி இருந்தது.

அருவியம்மா மெதுவாகக் கேட்டாள். "சொல்லு தாயி, நாலும் நாலும் எத்தன?"

அக்கா நடுங்கிக்கொண்டே, "எந்தக் கணக்குல?" என்றாள்.

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். இரும்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் நிற்கிற இடத்தில் அப்பா நின்றார். யாரோ அவரிடம் போய்க் கையை விரித்தது தெரிந்தது. மறுநாளும் கூட்டிப்போனார்கள். அதற்கு மறுநாளும்.

பள்ளிக்கூடம் நின்றது. அக்காவுக்குக் காதில் இரைச்சல் வந்தது, நாம் பேசினால் இரண்டாம் தடவைதான் கேட்டது. நான் அவளிடம் கெஞ்சினேன். "வெறும் எட்டுன்னு சொல்லிரு, அக்கா. மனசுக்குள்ள ஒண்ணு-ஒண்ணுன்னு நெனச்சுக்கோ."

"நான் என்ன தப்பாட்டி சொல்லுதேன்? நீதான் எண்ணிப் பாத்தேலா? நீயே இப்படிச் சொல்லலாமா?"

அவள் அழவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத்தான் அழுகை வந்தது.

சரி, பெரியவர்களுக்கு எண்ணிக் காட்டினால் போயிற்று என்று எனக்கு ஒரு யோசனை. பதினோரு வயதில் வேறென்ன தோன்றும்? உண்மையைக் காட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிற வயசு. கடையில் அப்பா தனியாக இருந்த நேரம், நாலு பழத்தை எடுத்து வைத்தேன், இன்னும் நாலு எடுத்து வைத்தேன். "பாருங்கப்பா" என்று நடுவே ஒன்றும் சுற்றி ஆறுமாகத் தட்டில் அடுக்கினேன். ஒரு பழம் மிஞ்சியது. "ஒரு தட்டு, ஒரு பழம். ஒண்ணு, ஒண்ணு. இவ்வளவுதாம்ப்பா அக்கா சொல்லுதது."

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தாம்பாளம், மூன்று தட்டு, தனியாக ஐந்து பழம் என்று காட்டி 235 எழுதினேன். நானே எதிர்பார்க்கவில்லை, அவரே விரல் விட்டு எண்ணி, அடுத்த எண்ணைச் சரியாகச் சொன்னார். 236. அதற்கடுத்து 240 என்றார். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது! எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"அப்போ அக்கா சொல்லுதது சரிதானப்பா?"

"சரிதான்."

"நாளைக்கு அருவிக்குப் போக வேண்டாம்லா?"

அப்பா அந்த மிஞ்சின பழத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"கோட்டி தெளிஞ்சிட்டுன்னு சொன்னா ஊரு நம்பும்ட்டி. அருவி இருக்கு, எண்ணெய் இருக்கு, பாத்த சனம் இருக்கு. கோட்டியே இல்லன்னு சொன்னா எவன் நம்புவான்? கோட்டிக்காரிக்கு அப்பன் வேற என்னத்தச் சொல்லுவான்னு சிரிப்பான். உங்க அத்தை நம்புவாளா? உங்க அம்மையே நம்பமாட்டா."

"நீங்க நம்புதியள்லா?"

"நான் நம்பி என்ன செய்ய?" என்றார். பழத்தைக் கீழே வைத்தார். "தெளியட்டும். தெளிஞ்சாத்தான் கரையேறுவா."

எனக்கு அப்பாமேல் வந்த கோபம் இருக்கிறதே, அதற்கு முன்னும் பின்னும் யார்மேலும் அப்படி வந்ததில்லை. ஒன்றும் தெரியாதவர்கள் செய்தால் பரவாயில்லை. தெரிந்துகொண்டு மறுநாள் விடியற்காலை அவரே எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். இன்று யோசித்தால் அவர் வேறு என்னதான் செய்திருக்க முடியும் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்பாவிடம் தோற்ற பிறகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? இல்லை. அத்தை அம்மாவிடம், "இன்னமும் ரெண்டு பதிலுதான் சொல்லுதா" என்று புலம்பியபோது, நான் இடையில் புகுந்து, "ரெண்டும் சரிதான் அத்தை. எனக்கும் வரும். ஐயைந்து முப்பத்து நாலு, ஆறாறு அம்பத்தொண்ணு" என்று கடகடவென்று ஒப்பித்தேன்.

அத்தை வாயில் துணியை வைத்துக்கொண்டாள். "அடிப் பாவி மக்கா, இதுக்கும் ஒட்டிக்கிட்டு!"

 மறுநாள் காலை அம்மா என்னை எழுப்பி உட்காரவைத்து, என் உச்சந்தலையிலும் எண்ணெயை ஊற்றினாள். "ஒரு நாலு நாளு நிப்பாட்டினா முளையிலேயே போயிரும்" என்று அத்தை பக்கத்தில் நின்று சொன்னாள். எண்ணெய் கண்ணில் வழிந்தது. 

அன்று ஆடி மாதத்துக் கூட்டம், விடிவதற்குள்ளேயே சேர்ந்துவிட்டது. முதலில் அக்காவை நிறுத்தினார்கள். நான் அம்மாவின் பிடியில் ஈரப் பாறையில் நின்றேன். அருவியம்மா அக்காவை வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். அப்போதுதான் அக்கா தண்ணீரை வழித்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள். எண்ணெய்த் தலையோடு நான் நிற்கிறேன். அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது.

யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே கத்தினாள்.

"எட்டு! எட்டு! நாலும் நாலும் எட்டு!"

அருவியம்மா திரும்பினாள். அத்தை சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினாள். "என்னது தாயி? இன்னொரு தடவ சொல்லு."

"எட்டு அத்தை."

"அப்போ அந்த ஏழு?"

"ஏழுன்னு ஒண்ணும் இல்ல அத்தை. சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். சின்னவளுக்கு ஒண்ணும் தெரியாது, நான் சொன்னதத் திருப்பிச் சொல்லுதா. அவள விட்டுருங்க."

தெளிஞ்சிட்டு, தெளிஞ்சிட்டு என்று முன்பின் தெரியாத பெண்கள் எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒருத்தி அக்கா காலில் விழுந்து, தன் மகளுக்கும் தெளிய வேண்டும் என்று அழுதாள். அத்தை கோவில் வாசலில் தேங்காய் உடைக்க ஓடினாள். அம்மா என்னை விட்டுவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பா தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அந்தச் சந்தடியில் அக்கா என்னைப் பக்கத்தில் இழுத்தாள். உடம்பு பனிக்கட்டியாக இருந்தது. காதோடு காதாகச் சொன்னாள். "உனக்கு வரும்னு இனிமே எவகிட்டயும் சொல்லாத. என்ன ஆனாலும் சொல்லாத."

அப்பா போட்ட கணக்கும் பலிக்கவில்லை. தெளிந்தது என்பதை ஊர் நம்பியது. ஆகவே கோட்டி இருந்தது என்பதையும் சேர்த்தே நம்பியது. கார்த்திகையிலேயே அத்தை சொல்லி அனுப்பிவிட்டாள், "தெளிஞ்சது திரும்ப வராதுன்னு என்ன நிச்சயம்?" என்று. அவள் மகனுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். அக்காவை மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி நான் கேட்டதற்கு அப்பா, "போனா மறுபடியும் கணக்குதான சொல்லிக்குடுப்பாங்க?" என்றார். கடைசியில் மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கொடுத்தார்கள். அத்தான் நல்ல மனுஷர்தான், அதில் குறை இல்லை. அக்காவுக்கு வலது காது கடைசிவரை சரியாகக் கேட்கவில்லை. நான் போகும்போது கணக்குப் பேச்சை எடுத்தால் அடுப்பில் ஏதோ கரிகிறது என்று எழுந்து போய்விடுவாள். போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த எண்களைப் பற்றி அந்தக் காலைக்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

என்னை மட்டும் அப்பா படிக்கவைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அம்மா அழுது ஆர்ப்பாட்டம் செய்தும் கேட்காமல் நான் கணிதமே எடுத்தேன். அப்படித்தான் திருநெல்வேலியில் உங்களோடு வந்து சேர்ந்தேன்.

முதல் வருஷம், மழை பெய்த ஒரு மத்தியான வகுப்பு. கணக்கு மிஸ் உள்ளே வந்ததும் பலகையில் பெரிதாக, ஆறும் ஐந்தும் கூட்டினால் பதினான்கு என்று எழுதினார். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். மிஸ்ஸும் சிரித்துக்கொண்டே, "தப்பில்ல, இது சரியான கணக்கு. இதுல ஒரு அழகு இருக்கு. எப்படிச் சரின்னு யாருக்காவது சொல்ல வருமா?" என்று கேட்டார்.  அவர் முகம் எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? யாராவது ஒருத்தி எழுந்து சொல்லிவிட மாட்டாளா என்று ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்தபோது கொஞ்சம் நின்றார்.

"ஒருத்திக்குமா தெரியாது?" என்றார்.

"தெரியாது மிஸ்" என்று நீங்கள் எல்லாரும் சொன்னீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து சொன்னேன்.